பெயர் கூப்பிடும்போது: ஜெனட் ராங்கினின் இரண்டு வாக்குகளும் அவற்றுக்கு இடைப்பட்ட வாழ்வும்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் பெரிய தீர்மானங்களுக்கு அந்தக் காலத்தில் வாக்கு எண்ணிய முறை எளிமையானது. எழுத்தர் எழுந்து நின்று உறுப்பினர்களின் பெயர்களை அகரவரிசையில் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். பெயருக்கு உரியவர் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ குரல் கொடுக்க வேண்டும். கூட்டத்தோடு சேர்ந்து கையைத் தூக்கிவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. முதல் சுற்றில் பதில் வராத பெயர்கள் மட்டும் இரண்டாவது முறை கூப்பிடப்படும். அதற்குப் பிறகும் மௌனமாக இருந்தால் வாக்கு இல்லை.

1917 ஏப்ரல் 6, பெரிய வெள்ளிக்கிழமை. விடியலுக்கு முந்தைய மூன்று மணி. ஜெர்மனி மீது போர் அறிவிக்கும் தீர்மானத்துக்குப் பெயர்கள் கூப்பிடப்பட்டன. ‘ராங்கின்’ என்ற பெயர் வந்தபோது பதில் இல்லை. முன்னாள் சபாநாயகரான முதியவர் ஜோசப் கேனன் அந்த இருக்கைக்கு நடந்து வந்து, வாக்களிக்காமல் இருந்துவிடக் கூடாது, இந்த நாட்டுப் பெண்குலத்தின் பிரதிநிதி நீங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் சுற்றில் பெயர் மறுபடி ஒலித்தபோது அந்தப் பெண் எழுந்தார். “என் நாட்டுக்குத் துணை நிற்கவே விரும்புகிறேன், ஆனால் போருக்கு வாக்களிக்க என்னால் முடியாது” என்றார். வாக்களிக்கும்போது விளக்கம் சொல்வது சபை மரபுக்கு மாறானது. தீர்மானம் 373-க்கு 50 என்ற கணக்கில் நிறைவேறியது.

இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1941 டிசம்பர் 8 அன்று அதே சபையில் அதே பெயர் கூப்பிடப்பட்டது. இந்த முறை ஜப்பான் மீது போர். கணக்கு 388-க்கு 1. இரண்டு உலகப் போர்களிலும் அமெரிக்கா இறங்குவதை எதிர்த்து வாக்களித்த ஒரே காங்கிரஸ் உறுப்பினர் ஜெனட் ராங்கின். அமெரிக்க காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணும் அவரே.

அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வாக்குகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படி நிறுத்தினால் அவர் பிடிவாதமுள்ள ஓர் அமைதிவாதியாக மட்டுமே தெரிவார். அவருடைய வாழ்க்கையை முழுதாகப் படித்தால் வேறொன்று புலப்படுகிறது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று தெருத்தெருவாக நடந்தவர் எந்தக் கேள்வியைச் சுமந்து நடந்தாரோ, அதே கேள்வியைத்தான் போர் அறிவிப்பு மன்றத்திலும் கேட்டார். ஒரு முடிவின் சுமையை யார் தாங்கப் போகிறார்களோ, அவர்களுடைய பெயரை யாராவது கூப்பிட்டார்களா என்பதே அந்தக் கேள்வி.

மொன்டானாவின் பிள்ளை

ராங்கின் 1880 ஜூன் 11 அன்று மிசூலா நகரத்துக்கு அருகே ஒரு பண்ணையில் பிறந்தார். மொன்டானா அப்போது மாநிலமாகக்கூட ஆகவில்லை. 1889-இல்தான் அந்தத் தகுதி கிடைத்தது. தந்தை ஜான் கனடாவிலிருந்து வந்தவர். தச்சு வேலை, கட்டுமானம், மரவியாபாரம், பண்ணை என்று உழைத்து முன்னேறியவர். தாய் ஆலிவ் நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து ஆசிரியையாக வந்தவர். வீட்டில் மூத்த பிள்ளை ஜெனட். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதும், பண்ணையில் கிடைத்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதும் மூத்த பெண்ணின் பொறுப்பு. எல்லைப்புற நாட்டில் ஆணும் பெண்ணும் தோளோடு தோள் நின்று உழைத்தார்கள். தேர்தல் நாளன்று மட்டும் பெண் வீட்டில் இருந்தாள்.

1902-இல் மொன்டானா பல்கலைக்கழகத்தில் உயிரியல் பட்டம் பெற்றார். பள்ளியில் பாடம் சொல்லிப் பார்த்தார், தையல் கற்றார், எதுவும் மனதில் ஒட்டவில்லை. பாஸ்டன் நகரத்துக்குப் போனபோது அங்கிருந்த சேரிகளைக் கண்டது அவரை உலுக்கியது. சான் பிரான்சிஸ்கோவில் ஏழைக் குடியிருப்புச் சேவை மையம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, நியூயார்க்கில் சமூகப் பணிப் பயிற்சி முடித்தார். வாஷிங்டன் மாநிலத்தில் அநாதைக் குழந்தைகள் இல்லத்தில் பணியாற்றியபோது அவருக்கு ஒன்று தெளிந்தது. ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கி நிறுத்துவதற்கு ஓர் ஆயுள் போதாது. குழந்தைகளை அந்த நிலைக்குத் தள்ளும் சட்டங்களை மாற்ற வேண்டும். சட்டத்தை மாற்ற வாக்கு வேண்டும்.

1910-இல் அதே வாஷிங்டன் மாநிலத்தில் பெண்கள் வாக்குரிமை வென்ற இயக்கத்தில் அவர் பயின்றார். சுவரொட்டி ஒட்டுவதிலிருந்து மேடைப் பேச்சு வரை எல்லாம் அங்கே கற்றதுதான். 1911 பிப்ரவரியில் மொன்டானா சட்டமன்றத்தின் முன் நின்று வாக்குரிமைக்காகப் பேசினார். அந்த மன்றத்தில் பேசிய முதல் பெண் அவர். பிறகு தேசிய வாக்குரிமைச் சங்கத்தின் களச் செயலாளராக மாநிலம் மாநிலமாக அலைந்தார். சொந்த மாநிலத்தில் ரயிலிலும் குதிரை வண்டியிலும் மோட்டார் காரிலும் சுற்றினார். சுரங்க முகப்பு, பண்ணை வீடு, நாட்டுப்புறப் பள்ளிக்கூடம் என எங்கே நாலு பேர் கூடினாலும் அது அவருக்கு மேடை. 1914 நவம்பரில் மொன்டானாவின் ஆண் வாக்காளர்கள் ஏறத்தாழ 3,700 வாக்கு வித்தியாசத்தில் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தார்கள்.

நாடு முழுவதும் பெண்கள் வாக்களிக்க முடியாத காலத்தில் ஒரு பெண் காங்கிரசுக்குப் போனதன் காரணம் இதுதான். வாக்காளர் தகுதியை மாநிலங்களே முடிவு செய்தன. உறுப்பினராவதற்குப் பெண்ணாக இருப்பது தடை என்று அரசமைப்புச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. 1916-இல் ராங்கின் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்றார். தம்பி வெலிங்டன் வழக்கறிஞர். தேர்தல் செலவும் நிர்வாகமும் அவர் பொறுப்பு. மொன்டானாவுக்கு அப்போது இரண்டு இடங்கள். தொகுதிப் பிரிவு இல்லாமல் மாநிலம் முழுவதும் சேர்ந்து இருவரைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. அது அவருக்கு உதவியது. வாக்குரிமை இயக்கத்தில் அவர் கட்டி வைத்திருந்த உறவுகள் மாநிலத்தின் மூலைமுடுக்கெல்லாம் பரவியிருந்தன. இரண்டாம் இடம் பெற்று வென்றார்.

முதல் ‘இல்லை’

1917 ஏப்ரல் 2 காலையில் வாக்குரிமை இயக்கத்தவர்கள் அவருக்கு விருந்து வைத்தார்கள். அவருக்கு ஒரு புறம் கேரி சாப்மன் கேட், மறுபுறம் ஆலிஸ் பால். ஒரே இலக்குக்காக இரண்டு வழிகளில் சென்ற, ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத தலைவர்கள். பூச்செண்டோடு சபைக்குள் நுழைந்தபோது உறுப்பினர்கள் எழுந்து கைதட்டினார்கள். அன்று மாலையே அதிபர் உட்ரோ வில்சன் கூட்டு அமர்வில் போர் அறிவிப்பு கேட்டார்.

பதவியேற்று நான்கே நாளில் வந்த வாக்கு அது. கேட் போரை ஆதரித்தார். ராங்கின் எதிர்த்தால் பெண்களுக்குத் தேசப்பற்று இல்லை என்ற பழி வரும், வாக்குரிமை தள்ளிப்போகும் என்பது அவர் அணியின் கவலை. ஆலிஸ் பாலின் கருத்து வேறு. மன்றத்துக்கு வந்த முதல் பெண் போருக்கு ஒப்புதல் தருவது துயரம் என்று அவர் நினைத்தார். தம்பி வெலிங்டனும் ஆதரித்து வாக்களிக்கும்படிதான் கேட்டுக்கொண்டார். எல்லாரும் அவரவர் கணக்கைச் சொன்னார்கள். முதல் சுற்றில் அவர் காத்த மௌனத்தைத் தயக்கம் என்று எழுதியவர்கள் உண்டு. அந்த வாரம் முழுவதும் அவர் தாங்கிய சுமையை எண்ணினால், அது ஒரு மனுஷி கடைசிவரை எல்லாத் தரப்பையும் கேட்டுப் பார்த்ததன் அடையாளம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள் பத்திரிகைகள் அவர் அழுதார் என்று எழுதின. அவரோடு எதிர்த்து வாக்களித்த மற்ற 49 பேரும் ஆண்கள். சபையின் ஜனநாயகக் கட்சித் தலைவர் கிளாட் கிச்சினும் அவர்களில் ஒருவர். அவர்களைப் பற்றி இத்தனை செய்தி இல்லை. ராங்கின் அழுதாரா என்று கேட்டபோது, நியூயார்க் உறுப்பினர் ஃபியோரெல்லோ லா குவார்டியா, தன் கண்ணிலேயே நீர் நிறைந்திருந்ததால் பார்க்க முடியவில்லை என்று பதில் சொன்னார். அவர் போருக்கு ஆதரவாக வாக்களித்தவர்.

ஒரே பதவிக்காலத்தில்

அந்த வாக்கின் நிழலில் மறைந்துபோனது அவருடைய சட்டமன்ற வேலை. இரண்டே ஆண்டுகள். அதற்குள் அவர் தொட்டவை ஏராளம்.

கரன்சி நோட்டும் கடன் பத்திரமும் அச்சடிக்கும் அரசு அச்சகத்தில் பெண் தொழிலாளர்கள் போர்க்கால அவசரத்தின் பெயரால் எட்டு மணி நேரத்தைத் தாண்டி வேலை வாங்கப்பட்டார்கள். புகார் ராங்கினிடம் வந்தது. அவர் ஆள் வைத்து விசாரித்தார், ஆதாரம் திரட்டினார், நிதியமைச்சர் மக்காடூவிடம் கொண்டுபோனார். எட்டு மணி நேர வேலை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

பியூட் நகரச் சுரங்க விவகாரம் இன்னும் ஆழமானது. 1917 ஜூன் 8 இரவு, ஸ்பெகுலேட்டர் சுரங்கத்துக்குள் இறக்கப்பட்ட மின்கம்பிவடம் பிடி நழுவி விழுந்தது. மறுபடி சரிசெய்யப் போனவரின் கார்பைடு விளக்குச் சுடர் அதன் எண்ணெய் ஊறிய உறையில் பட்டுத் தீப்பற்றியது. 168 பேர் மாண்டார்கள். சுரங்கப் பாதைகளுக்கு நடுவே திறக்க வழியில்லாத கான்கிரீட் தடுப்புச் சுவர்கள் இருந்தன. ஆள் புகுந்து வெளியேறும் இரும்புக் கதவு வைக்க வேண்டும் என்பது சட்டம். புகைக்குத் தப்பி ஓடியவர்கள் அந்தச் சுவர்களை முட்டிக்கொண்டு இறந்தார்கள்.

சில நாட்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. தொழிலாளர்களின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று, வேலை தேடுபவன் கம்பெனியிடமிருந்து முன்கூட்டியே பெற்றாக வேண்டிய அனுமதி அட்டையை ஒழிப்பது. சங்கம் பேசுபவனுக்கு அந்த அட்டை கிடைக்காது. ஆகஸ்ட் 1 அன்று தொழிற்சங்க அமைப்பாளர் ஃபிராங்க் லிட்டிலை முகமூடி ஆட்கள் விடுதியிலிருந்து இழுத்துச் சென்று ரயில் பாலத்தில் தூக்கிலிட்டார்கள். அந்த மாதமே ராங்கின் பியூட் சென்று பெருங்கூட்டத்தின் முன் பேசினார். அரசே சுரங்கங்களை எடுத்து நடத்த அதிபருக்கு அதிகாரம் தர வேண்டும் என்று காங்கிரசில் தீர்மானம் கொண்டுவந்தார். செம்பு அப்போது போருக்கு இன்றியமையாத உலோகம். மொன்டானாவில் அனகோண்டா செம்பு நிறுவனத்தின் செல்வாக்கு மாநில அரசியலிலும் பத்திரிகைகளிலும் ஊறியிருந்தது. போருக்கு எதிரான வாக்கைவிட இந்தத் தலையீடே அவருக்கு மாநிலத்தில் அதிக எதிரிகளைச் சம்பாதித்துக் கொடுத்தது என்று கருத இடமுண்டு.

1918 ஜனவரி 10 அன்று பெண்கள் வாக்குரிமைக்கான அரசமைப்புச் சட்டத் திருத்தம் சபைக்கு வந்தது. விவாதத்தைத் தொடங்கி வைத்தவர் ராங்கின். உலகத்தில் ஜனநாயகத்தைக் காப்பதற்கென்று போருக்கு வாக்களித்த இதே காங்கிரஸ், தன் நாட்டுப் பெண்களுக்கு அந்த ஜனநாயகத்தின் சிறு பங்கைக்கூட மறுத்தால், அதற்கு என்ன விளக்கம் சொல்வது என்று கேட்டார். அன்று சிலர் நோய்ப் படுக்கையிலிருந்து வந்து வாக்களித்தார்கள். நியூயார்க் உறுப்பினர் ஒருவர், வாக்குரிமை இயக்கத்தவரான தன் மனைவியின் மரணப் படுக்கையிலிருந்து வந்தார். முடிவு 274-க்கு 136. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்; 410 வாக்குகளில் அது 274. ஒருவர் பக்கம் மாறியிருந்தாலும் தோற்றிருக்கும். அந்த 274-இல் ஒரே ஒரு வாக்குத்தான் பெண்ணின் வாக்கு.

செனட் அதை அப்போது நிறைவேற்றவில்லை. 1919-இல் புதிய காங்கிரஸ் நிறைவேற்றியபோது ராங்கின் உறுப்பினராக இல்லை. 1920 ஆகஸ்டில் மாநிலங்களின் ஒப்புதல் முடிந்து பத்தொன்பதாவது திருத்தம் சட்டமானது. அதற்குப் பிறகும் தென்மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் 1965-இன் வாக்குரிமைச் சட்டம் வரை பெருமளவு தடுக்கப்பட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த வரலாறு நேர்மையாகும்.

தாய் சேய் நலத்துக்கு மத்திய அரசின் நிதி வேண்டும் என்ற அவருடைய மசோதா அந்தக் காலத்தில் நிறைவேறவில்லை. அதே கருத்து 1921-இல் ஷெப்பர்ட்–டவுனர் சட்டமாக வந்தது. திருமணமான பெண்ணின் குடியுரிமை கணவனின் குடியுரிமையைச் சார்ந்திருக்கக் கூடாது என்றும் அவர் மசோதா கொண்டுவந்தார். 1922-இல் கேபிள் சட்டம் அதன் ஒரு பகுதியை நிறைவேற்றியது. விதைத்தவர் வெளியே போன பிறகு அறுவடையான பயிர்கள் இவை.

ஒரு முரணையும் பதிவு செய்ய வேண்டும். 1917 டிசம்பரில் ஆஸ்திரிய–ஹங்கேரி மீது போர் அறிவிக்கும் தீர்மானத்தை ராங்கின் ஆதரித்தார். போர் ஏற்கெனவே நடக்கிறது, இது அதன் நடைமுறைத் தொடர்ச்சி மட்டுமே என்பது அவர் சொன்ன விளக்கம். அன்று தனியாக நின்று எதிர்த்தவர் சோஷலிஸ்ட் உறுப்பினர் மேயர் லண்டன்; கணக்கு 365-க்கு 1. அந்தத் தனி எண் ஒருநாள் தன்மேல் வந்து அமரும் என்று ராங்கின் அப்போது அறிந்திருக்க மாட்டார்.

வெளியே இருந்த ஆண்டுகள்

மொன்டானா இரண்டு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அவருடைய மேற்குத் தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் கை ஓங்கியிருந்தது. அதனால் 1918-இல் செனட்டுக்குப் போட்டியிட்டார். குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் குறைந்த வித்தியாசத்தில் தோற்று, தேசியக் கட்சி என்ற சிறிய கட்சியின் சார்பில் நின்று மூன்றாமிடம் பெற்றார். 1919 மார்ச்சில் பதவி முடிந்தது. மறுபடி உள்ளே வர இருபத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன.

பதவி போன இரண்டே மாதத்தில் அவர் சூரிச் நகரில் இருந்தார். ஜேன் ஆடம்ஸ் தலைமையில் நடந்த பெண்களின் சர்வதேச அமைதி மாநாடு அது. போரில் எதிரெதிர் அணியில் நின்ற நாடுகளின் பெண்கள் ஒரே கூடத்தில் அமர்ந்தார்கள். முற்றுகைப் பட்டினியில் மெலிந்த ஜெர்மன், ஆஸ்திரியப் பெண்களும் வந்திருந்தார்கள். வெர்சாய் உடன்படிக்கையின் நிபந்தனைகள் அந்த நாட்களில்தான் வெளியாயின. இது அடுத்த போருக்கு விதை என்று அந்த மாநாடு கண்டித்தது.

1920-களில் ஃபிளாரன்ஸ் கெல்லியின் நுகர்வோர் சங்கத்துக்காகக் குழந்தை உழைப்புக்கும் நீண்ட வேலை நேரத்துக்கும் எதிராக உழைத்தார். 1924-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சிறு நிலம் வாங்கி, மின்சாரம் இல்லாத எளிய வீட்டில் குடியிருந்தார். 1928-இல் ஜார்ஜியா அமைதிச் சங்கத்தைத் தொடங்கினார். 1929 முதல் பத்தாண்டுகள் போர்த் தடுப்புக்கான தேசியக் குழுவின் சார்பில் காங்கிரஸ் உறுப்பினர்களின் அறைக் கதவுகளைத் தட்டினார். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அவரைக் கம்யூனிஸ்ட் என்று எழுதியபோது அவதூறு வழக்குத் தொடுத்து, மறுப்பும் 1,000 டாலரும் பெற்றார்.

வாக்குரிமைப் போராளியும் அமைதிப் போராளியும் ஒரே ஆள்தான் என்பது இந்தக் காலத்தில் தெளிவாகத் தெரிகிறது. 1930-களில் லட்லோ திருத்தம் என்ற யோசனை பேசப்பட்டது. நாட்டின் மீது நேரடித் தாக்குதல் நடந்தாலன்றி, போருக்குப் போவதா வேண்டாமா என்பதை மக்களின் நேரடி வாக்கெடுப்பே முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். சாகப் போகிறவனும் அவனைப் பெற்றவளும் வாக்களிக்கட்டும் என்ற இந்த எண்ணம் ராங்கின் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததோடு ஒத்தது. 1938 ஜனவரி 10 அன்று அதைச் சபையில் விவாதத்துக்கு எடுக்கும் முயற்சி 188-க்கு 209 என்று தோற்றது. பெண்கள் வாக்குரிமைக்கு அவர் விவாதம் தொடங்கி வைத்த நாளிலிருந்து சரியாக இருபது ஆண்டுகள்.

பள்ளிக்கூடங்கள் வழியே மீண்டும்

அறுபதாவது வயதில் மறுபடி தேர்தலில் நிற்க முடிவு செய்தபோது, ராங்கின் தேர்ந்தெடுத்த முதல் மேடை உயர்நிலைப் பள்ளி. 1939 இறுதி முதல் மேற்கு மொன்டானாவின் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளுக்கு நேரில் சென்றார். மாணவர்களிடம் போரைப் பற்றிப் பேசினார். இந்த நாட்டைப் போருக்குள் இழுக்க வேண்டாம் என்று அதிபருக்குக் கடிதம் எழுதும்படி உங்கள் வீட்டில் சொல்லுங்கள் என்றார்.

வகுப்பறையில் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்ட பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்களுக்கு வாக்கு இல்லை. அப்போது வாக்களிக்கும் வயது 21. இரண்டு ஆண்டுகள் கழித்து அழைப்பாணை வந்தால் துப்பாக்கி ஏந்தப் போகிறவர்கள் அவர்கள்தான். ராங்கின் யாருடைய பிரதிநிதி என்ற கேள்விக்கு விடை அந்த வகுப்பறைகளில் இருக்கிறது. தேர்தல் கணக்குப் பார்ப்பவர் வாக்காளர்களிடம் போவார். அவர் முதலில் வாக்கில்லாதவர்களிடம் போனார்.

உட்கட்சித் தேர்தலில் யூத வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்போன நடப்பு உறுப்பினர் ஜேக்கப் தோர்கெல்சனைத் தோற்கடித்தார். பொதுத் தேர்தலில் முன்னாள் உறுப்பினர் ஜெரி ஓகானலை வென்றார். தற்காப்புக்கு ஆயத்தமாவோம், ஐரோப்பாவுக்கு நம் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்பது அவர் தந்த வாக்குறுதி. 1941 ஆகஸ்டில் கட்டாய ராணுவச் சேவைக் காலத்தை நீட்டிக்கும் சட்டத்தை அவர் எதிர்த்தார். அது 203-க்கு 202 என்று ஒரே ஒரு வாக்கில் நிறைவேறியது. போருக்கு வெளியே இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது நாட்டில் எவ்வளவு வலுவாக இருந்தது என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

இரண்டாவது ‘இல்லை’

டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. 2,400-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். ஒரே பகலில் நாட்டின் மனம் மாறியது. கூட்டம் ஒன்றுக்காக ரயிலில் போய்க்கொண்டிருந்த ராங்கின் பாதி வழியில் இறங்கி வாஷிங்டன் திரும்பினார். மறுநாள் காலை, யாரும் வந்து வற்புறுத்த முடியாதபடி தனியாகக் காரில் நகரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அதிபர் ரூஸ்வெல்ட்டின் உரை முடிந்ததும் சபை கூடியது. விவாதம் ஏறத்தாழ நாற்பது நிமிடம். ராங்கின் திரும்பத் திரும்ப எழுந்து பேச அனுமதி கேட்டார். சபாநாயகர் சாம் ரேபர்ன் அவர் பக்கம் திரும்பவில்லை. இருக்கையில் உட்காருமாறு குரல்கள் எழுந்தன. இல்லினாய்ஸ் உறுப்பினர் எவரெட் டர்க்சன் உள்ளிட்டோர், ஒருமனதாக இருக்கட்டும், குறைந்தது நடுநிலையாவது வகியுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். பெயர் கூப்பிடப்பட்டதும் அவர் சொன்னார்: “பெண் என்பதால் என்னால் போருக்குப் போக முடியாது, வேறு யாரையும் அனுப்பவும் மறுக்கிறேன்.”

வெளியே வந்ததும் ஆத்திரம் கொண்ட கூட்டமும் பத்திரிகையாளர்களும் சூழ்ந்துகொண்டார்கள். அருகிலிருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு காவலர்களை அழைத்தார். காவலர்கள் வந்து அவரை அலுவலக அறை வரை கூட்டிப்போனார்கள். தம்பி வெலிங்டனிடமிருந்து வந்த தந்தி, மொன்டானா நூற்றுக்கு நூறு உனக்கு எதிராக நிற்கிறது என்றது. மூன்று நாள் கழித்து ஜெர்மனி, இத்தாலி மீதான தீர்மானங்களில் அவர் ‘வந்திருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லி நடுநிலை வகித்தார்.

கான்சஸ் மாநிலத்துப் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் ஆலன் வைட் அந்த வாக்கைத் துளியும் ஏற்கவில்லை. ஆனாலும் அதிலிருந்த துணிவைப் போற்றித் தலையங்கம் எழுதினார். நூறு ஆண்டுக்குப் பின் துணிவு கொண்டாடப்படும்போது இந்தப் பெண்ணின் பெயர் வெண்கலத்தில் பொறிக்கப்படும் என்பது அவர் கருத்து.

சரியா, தவறா

1941-இல் ராங்கின் செய்தது சரியா? இந்தக் கேள்வியைத் தாண்டிப்போகக் கூடாது. தாக்கப்பட்ட பிறகு, ஹிட்லரின் படைகள் ஐரோப்பாவை விழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், போரிடாமல் இருந்திருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. 1942 டிசம்பரில் அவர் காங்கிரஸ் பதிவேட்டில் சேர்த்த உரை, ஜப்பானைத் தாக்குதலுக்குத் தூண்டியதில் ரூஸ்வெல்ட்டுக்கும் பிரிட்டனுக்கும் பங்குண்டு என்ற தொனியில் அமைந்தது. வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் அந்த வாதத்தை ஏற்றதில்லை.

ஆனால் அவருடைய வாக்குக்கு வேறொரு மதிப்பு உண்டு. அதை நான் முழு மனதோடு நம்புகிறேன். அவர் அமைதிக்காக நிற்பேன் என்று ஊர் ஊராகச் சொல்லி வாக்கு வாங்கியவர். தாக்குதலின் கோபம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், ஒரே இரவில் அந்த வாக்குறுதியைக் கழற்றி வைக்க அவரால் முடியவில்லை. பேசுவதற்குக்கூட அனுமதி தராத ஒரு மன்றத்தில், மறுப்பைப் பதிவு செய்ய அவரிடம் எஞ்சியிருந்த ஒரே கருவி பெயர் கூப்பிடும்போது கிடைக்கும் அந்த ஒற்றைச் சொல். எல்லாரும் ஒன்றாகக் குரல் எழுப்பும் நேரத்தில் ஒருவர் மாறிச் சொல்ல முடிகிறதா என்பதில்தான் ஒரு மன்றத்தின் உயிர் இருக்கிறது. மாறிச் சொன்னவரின் கருத்து தோற்கலாம். அப்படிச் சொல்லும் உரிமை தோற்கக் கூடாது.

அதற்கான விலையை அவரே கொடுத்தார். மிச்சமிருந்த ஓராண்டில் அவர் பேச்சுக்கு மதிப்பில்லை. 1942-இல் மறுபடி போட்டியிடவில்லை. அந்தத் தொகுதியை வென்றவர் பின்னாளில் செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவரான மைக் மான்ஸ்ஃபீல்ட்.

காந்தியின் நாட்டிலும் மறுபடி தலைநகரிலும்

போரை மறுத்தாயிற்று, அதற்கு மாற்று என்ன என்ற கேள்வி அவரைத் துரத்தியது. காந்தியின் எழுத்துகள் அவரை இந்தியாவுக்கு இழுத்தன. 1946-இல், 66-ஆவது வயதில் முதல்முறை வந்தார். 1971 வரை ஏழு முறை வந்தார். காந்தியைச் சந்திக்கும் வாய்ப்பு மட்டும் கடைசிவரை அமையவில்லை. எதிர்ப்பைச் சொல்வதோடு நிற்காமல், அதைக் கூட்டுச் செயலாக மாற்றும் வழியை அவர் காந்தியிடம் தேடினார். வியட்நாம் போரின் நடுவே, பத்தாயிரம் பெண்கள் சிறை செல்லத் தயாரானால் போர் நின்றுவிடும் என்று அவர் பேசியதில் அந்தத் தேடலின் சுவடு தெரிகிறது.

1968 ஜனவரி 15 அன்று, 87 வயதில், ஏறத்தாழ 5,000 பெண்களின் முன்னணியில் நடந்தார். ‘ஜெனட் ராங்கின் படை’ என்று பெயர்; மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டாவும் உடன் நடந்தார். நாடாளுமன்ற வளாகத்துக்குள் ஆர்ப்பாட்டத்தைத் தடைசெய்யும் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி ஊர்வலத்தை நிறுத்தினார்கள். சிறு குழு மட்டும் உள்ளே போனது. சபாநாயகர் மெக்கார்மக்கிடம் மனுவைக் கொடுத்தார்கள். செனட்டில் அதைப் பெற்றுக்கொண்டவர் மான்ஸ்ஃபீல்ட், ஒரு காலத்தில் ராங்கின் விட்டுச்சென்ற இருக்கையில் அமர்ந்தவர். 1970-இல் அவருடைய தொண்ணூறாவது பிறந்தநாள் விருந்து வாஷிங்டனில் நடந்தது. நடந்த இடம், அன்று அவர் பக்கம் திரும்பாத சபாநாயகர் ரேபர்னின் பெயரைத் தாங்கிய கட்டடம்.

1973 மே 18 அன்று கலிஃபோர்னியாவின் கார்மல் நகரில் தம் 92-ஆவது வயதில் இறந்தார். உயிலில் ஒரு பகுதியை வயதில் முதிர்ந்த, வேலையற்ற உழைக்கும் பெண்களுக்கு விட்டுச் சென்றார். அந்தப் பணத்தில் தொடங்கிய அறக்கட்டளை அத்தகைய பெண்களின் படிப்புக்கு இன்றும் உதவுகிறது. 1985-இல் தலைநகர நாடாளுமன்றக் கட்டடத்தில் மொன்டானா மாநிலத்தின் சார்பாக அவருக்கு வெண்கலச் சிலை எழுந்தது. போருக்கு வாக்களிக்க முடியாது என்ற அவருடைய சொற்கள் அதன் பீடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. வைட் நூறு ஆண்டு என்று கணித்தார். 44 ஆண்டு போதுமானதாக இருந்தது.

சிலையைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1942 ஜூனில் பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது அறிவித்ததற்குப் பிறகு அமெரிக்க காங்கிரஸ் முறையான போர் அறிவிப்பு எதையும் நிறைவேற்றவில்லை. கொரியா, வியட்நாம், அதற்குப் பின் வந்தவை எல்லாம் வேறு வழிகளில் நடந்த போர்கள். அதிபரின் கையைக் கட்ட 1973 நவம்பர் 7-இல், ராங்கின் இறந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், போர் அதிகாரத் தீர்மானம் நிக்சனின் மறுப்பை மீறிச் சட்டமானது. 57 ஆண்டுகளுக்கு முன் அதே நவம்பர் 7 அன்றுதான் மொன்டானா மக்கள் அவரைக் காங்கிரசுக்கு அனுப்பியிருந்தார்கள். 2001 செப்டம்பரில் ராணுவத்தைப் பயன்படுத்த அனுமதி தரும் தீர்மானம் வந்தபோது கலிஃபோர்னியா உறுப்பினர் பார்பரா லீ மட்டும் எதிர்த்தார், 420-க்கு 1.

ராங்கின் ‘இல்லை’ சொன்ன இரண்டு நாட்களிலும் ஒவ்வொரு உறுப்பினரின் பெயரும் கூப்பிடப்பட்டது. ஒவ்வொருவரும் தன் பெயரை வைத்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலில் 1917-இல் 373 பெயர்களும் 1941-இல் 388 பெயர்களும் ஒரு பக்கம் நின்றன. அவர்கள் தம் முடிவுக்குத் தாமே பொறுப்பேற்றார்கள். அந்தப் பொறுப்பை அவர்களிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. பெயர் கூப்பிடாமலே பிள்ளைகளைப் போருக்கு அனுப்பும் வழி வந்துவிட்ட பிறகு, மேற்கு மொன்டானா வகுப்பறைகளில் அந்த மூதாட்டி எழுப்பிய கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் யார் என்பதே தெரியாமல் போய்விடுகிறது. ஜெனட் ராங்கின் தன் பெயரை இரண்டு முறை பட்டியலில் விட்டுச் சென்றார். கேட்டவர்களுக்கு, யார் சொன்னது என்று தெரியும்.